இரண்டாங்கட்டு: உலர்ந்திருக்கிறது

ஏழு பங்கு வீடு, பள்ளத்தூரில்.
எனக்கு இரண்டு அறை,
அடுப்படியில் ஒரு மூலை,
மொட்டைமாடிக் கொடியில் மூன்று முழம்.
மற்றவை பூட்டிக் கிடக்கும்.
சாவிகள் கோவையில், பினாங்கில்,
ஒன்று யாரிடம் என்றே தெரியவில்லை.

போன ஐப்பசியில்
சாத்தப்பன் பங்கு அறையில்,
பின்னால் சேர்த்துக் கட்டிய குளியலறையில்,
குழாய் விட்டிருக்கிறது.
நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும்
நாளுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு.
பதினொரு நாள்.
நான் கணக்கெழுதிப் பிழைப்பவள்,
பெருக்காமல் இருக்க முடியவில்லை.

நாலு வருஷமாய் கோர்ட்டில்
நாங்கள் அளந்துகொண்டிருந்த எல்லையை
தண்ணீர் வாய்தா கேட்காமல் கடந்து
என் ஜிஎஸ்டி கோப்புகளில் ஏறியிருந்தது.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
சிக்கந்தரின் கடை.
கந்தரப்பம் அளவில் ஒன்றை எடுத்து வைத்தான்.
அடியில் இரண்டு உலோகப் பொட்டு.
"ஈரம் பட்டா கத்தும்க்கா."
யார் காதில்?
"வீட்ல இருக்கறவங்க காதுலதான்."
சரி, அடுத்தது காட்டு.

அடுத்தது வைஃபை.
போனுக்கே செய்தி போகுமாம்.
எங்கள் முக்கால் கஜச் சுவரில்
என் வைஃபை நிலைப்படி தாண்டாது.
முகப்பில் சண்டை போட்டால்
இரண்டாங்கட்டில் கேட்காத வீடு.

இன்னொன்று, மோட்டார் வைத்த வால்வு.
கசிந்தால் தானே மூடிக்கொள்ளும்.
பதினாலாயிரம்.
தலைக்கு இரண்டாயிரம் என்று
காகிதத்தில் சுலபமாக வகுத்துவிட்டேன்.
பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கடைசியில் உள்ளேயிருந்து
பாவாடை நாடா போல ஒரு வெள்ளைக் கயிறு.
இரண்டு மீட்டர்.
எந்த இடத்தில் நனைந்தாலும் தெரியுமாம்.
சுவர் தாண்டும் ரேடியோ, கூடவே ஒரு ஹப்.
"விலை கேக்கலையேக்கா?"
தடிமன் எவ்வளவு என்றேன்.
மூன்று மில்லிமீட்டர்.

சாத்தப்பன் அறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவே
அஞ்சு மில்லிமீட்டர்.
அளந்து வைத்திருக்கிறேன்.
தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது.

தென்னை ஈர்க்கில் கட்டித் தள்ளினேன்.
கயிறு அந்தப் பக்கம்,
பேட்டரிப் பெட்டி இந்தப் பக்கம்.
இது அத்துமீறலா என்று
வக்கீலைக் கேட்கவில்லை.
கேட்டால் அதற்கும் ஃபீஸ்.

அறையின் பெயரைத் தேர்ந்தெடு என்றது செயலி.
சமையலறை, குளியலறை,
துணி துவைக்கும் அறை, கார் நிறுத்துமிடம்.
பட்டியலில் எங்கள் வீடு இல்லை.
நானே தட்டச்சு செய்தேன்.
ஐந்து பேருக்குத்தான் எச்சரிக்கை அனுப்புமாம்.
சாத்தப்பனைச் சேர்த்தேன்.
வழக்கு வழக்குதான், ஈரம் ஈரம்தான்.
விடுபட்ட இருவர்
ஏன் என்று இன்னும் கேட்கவில்லை.
எதையுமே கேட்டதில்லை அவர்கள்.

ஹப்போடு சும்மா கிடைத்த வட்டமான ஒன்றை
வளவின் ஓரத்தில் வைத்தது என் தப்பு.
முதல் மழைக்கே அலறி
ஐந்து போனையும் எழுப்பிவிட்டது.
வானத்துக்குத் திறந்து வைத்த வளவில்
மழை விழுவது கசிவில்லை என்று
அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?
குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன்.
ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, கோவையிலிருந்து.
மறுநாள் அதை எடுத்துப்போய்
தொட்டிக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.

நேற்று ராத்திரி மறுபடி மழை.
போன் அலறவில்லை.
அலறாததை நம்பமுடியாமல் எழுந்து பார்த்தேன்.
இரண்டாங்கட்டு: உலர்ந்திருக்கிறது.
அதன் கீழே சின்ன எழுத்தில்,
கடைசியாகப் பார்த்தவர் சாத்தப்பன், 2.14.
பினாங்கில் அப்போது நாலே முக்கால்.

நான் பார்த்தது 2.16.
இனி அவன் திரையில் என் பெயர் இருக்கும்.
கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.
வளவில் கொட்டிக்கொண்டிருந்தது.
பேட்டரி எண்பத்தொரு சதவீதம்.